கம்பெனிக்கு வாய் கிடையாது

அந்தச் சேவு பாக்கெட்டைக் கொஞ்சம் திருப்புங்க அண்ணாச்சி. அந்தப் பக்கம் இல்லை, படம் போட்ட பக்கம். அந்த மீசையைப் பாருங்க. இப்ப என்னைப் பாருங்க.

ஆமா, நான்தான். மீசை கொஞ்சம் நரைச்சுப் போச்சு, ஆளு அதே ஆளுதான். வெயிலுமுத்து. நீங்க தின்னுங்க, நிறுத்தாதீங்க, பஸ்ஸு சாத்தூர் போய்ச் சேர இன்னும் நேரம் கிடக்கு. நீங்க எத்தனை பாக்கெட் தின்னாலும் எனக்கு ஒரு பைசா வராது. மூஞ்சி என்னோடது, பேரு என்னோடது. விக்கிறது யாரோ.

யாரோன்னா யாரோ இல்லை, என் வீட்டுக்காரிதான். அதுலயும் வீட்டுக்காரின்னு சொல்லப்படாதாம். வீட்டுல இருந்தா வீட்டுக்காரி, அங்க போயிட்டா கம்பெனி. இதை எங்க ஊருல சொன்னா சிரிக்கிறான். நீங்க படிச்சவரு மாதிரி இருக்கீங்க, அதனால சொல்றேன். நான் யாரையும் குறை சொல்லலை, நடந்ததைச் சொல்றேன்.

சாத்தூர்ல பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால எங்க கடை. சேவுக்கடை. எங்க அப்பா காலத்துல சின்னதா இருந்துச்சு, நான்தான் பெருசு பண்ணினேன். எப்படிப் பெருசு பண்ணினேன்னு கேளுங்க. படத்தைப் போட்டேன். எங்க அப்பாவுக்கு அந்த யோசனை வரலை. மாவு பிசையறது, பூண்டு தட்டுறது, வத்தல் எவ்வளவு போடணும்னு பாக்கறது, அதெல்லாம் சண்முகவடிவு பார்த்துக்கிடுவா. என் சம்சாரம். அது சில்லறை வேலை. யாரு வேணும்னாலும் செய்யலாம். ஒருதடவை அவ பிரசவத்துக்குப் போயிருந்தப்ப நானே மாவு பிசைஞ்சேன். அந்த மாசம் என்னமோ யாவாரம் டல்லு. மழைக்காலம்.

அப்ப எனக்கு ஒரு பயம் வந்துச்சு. கடலை மாவு கடனுக்கு எடுக்கிறோம், எண்ணெய் கடனுக்கு எடுக்கிறோம், நாளைக்கு யாவாரம் நொடிச்சுதுன்னா என்ன ஆகும்? மதுரையில ஆடிட்டர் ரங்கமணின்னு ஒருத்தர். நானும் வடிவுமாப் போயி அவரைப் பார்த்தோம். அவரு கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, ‘வெயிலுமுத்து, கடையும் நீங்களும் இப்ப ஒண்ணு. கடை முங்கினா வீடும் முங்கும். அம்மா கழுத்துல கிடக்கிறதும் முங்கும்’னாரு.

‘வழி என்னங்கய்யா?’

‘கம்பெனி ஆக்கிருங்க. பிரைவேட் லிமிடெட்.’

லிமிடெட்னா என்னன்னு அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. பஸ்ஸுல போடுறானே, நிறைய இடத்துல நிக்காதுன்னு, அதுமாதிரின்னு நினைச்சேன். அவரு ஒரு சரித்திரமே சொன்னாரு. அந்தக் காலத்துல சீமையில யாவாரம் நொடிச்சா யாவாரியைப் பிடிச்சு ஜெயில்ல போட்டுருவானாம். கட்டில், தலகாணி வரைக்கும் தூக்கிட்டுப் போயிருவானாம். அப்புறம் கப்பல் யாவாரம் வந்துச்சு. ஒரு கப்பலை ஒருத்தன் வாங்கிக் கட்டுபடியாகுமா? நூறு பேரு பங்கு போட்டான். ராஜாகிட்ட ஒரு சாசனம் எழுதி வாங்கிக்கிட்டான். அப்படி வந்தவன்ல ஒருத்தன்தான் நம்ம ஊரு வரைக்கும் வந்து உக்காந்துக்கிட்டான், அது உங்களுக்கே தெரியும். அப்புறம் ராஜாவே வேண்டாம், பதிவு பண்ணினாப் போதும், யாரு வேணும்னாலும் கம்பெனி ஆகலாம், போட்ட பங்குக்கு மேல ஒருத்தனும் உன் வீட்டு வாசல்ல வந்து கேக்க முடியாதுன்னு சட்டம் போட்டுட்டானாம்.

எனக்குக் கப்பல் கதையைவிட இன்னொரு கதைதான் மனசுல நின்னுச்சு. லண்டன்ல ஒரு பூட்ஸ் கடைக்காரர். தன் கடையைத் தானே கம்பெனி ஆக்குனாரு. பெண்டாட்டி பிள்ளைகளைப் பங்குதாரராப் போட்டாரு. கம்பெனி நொடிச்சுது. கடன் கொடுத்தவன்லாம் அவரு சட்டையைப் பிடிச்சான். கேசு ஒவ்வொரு படியா ஏறி எல்லாத்துக்கும் மேல இருக்கிற கோர்ட்டுக்குப் போச்சு. அங்க என்ன சொன்னாங்க தெரியுமா? அவரு வேற ஆளு, கம்பெனி வேற ஆளு. அவரை எதுக்குப் பிடிக்கீங்கன்னு சொல்லிட்டாங்களாம்.

எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு அண்ணாச்சி. எங்க லண்டனு, எங்க சாத்தூரு. என்னை மாதிரியே யோசிச்சிருக்காரு பாருங்க.

வடிவு என்ன கேட்டா தெரியுமா? ‘கடன் கொடுத்தவங்க என்ன ஆனாங்க சார்?’னு கேட்டா. ஆடிட்டர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டாரு. ‘அதை நாங்க படிக்கலைம்மா’ன்னாரு. பொம்பளைக புத்தியைப் பார்த்தீங்களா? கதையில வர்ற முக்கியமான ஆளை விட்டுட்டு எவனையோ விசாரிக்கிறா.

சரின்னு கம்பெனி ஆக்கினோம். வெயிலுமுத்து ஃபுட்ஸ் பிரைவேட் லிமிடெட். அதுக்குப் பான் கார்டு உண்டு, பேங்க் கணக்கு உண்டு. அதும் ஒரு ஆளு. என் பேரு, என் படம், எல்லாத்தையும் அதும்பேருக்கு எழுதிக் கொடுத்தேன். ஆடிட்டர் சொன்னாரு, அப்பத்தான் பலமா இருக்கும்னு. பங்கு பிரிக்கும்போது நான் ஒரு மூளை வேலை செஞ்சேன். நூறு பங்குல எனக்குப் பத்து வச்சுக்கிட்டு, வடிவுக்குத் தொண்ணூறு எழுதிட்டேன். நாளைக்கு எவனாவது என்மேல கேசு போட்டாலும் என்கிட்ட என்ன இருக்கு? பத்து பங்கு.

ஆடிட்டர் தனியாக் கூப்பிட்டு, ‘நல்லா யோசிச்சுத்தான் செய்யறீங்களா?’ன்னாரு.

நான் சிரிச்சேன். ‘ஐயா, அவ கையெழுத்துப் போடவே நான் பக்கத்துல நின்னு இடத்தைக் காட்டணும்’னேன்.

அப்புறம் பாருங்க, ராஜ வாழ்க்கைதான். கார் வாங்கினேன், கம்பெனி பேர்ல. பெட்ரோல் கம்பெனிது, டிரைவர் கம்பெனிது. வீடு கட்டினேன், அது என் பேர்ல. அது வேற. சேவு தேய்க்க மிஷின் இறக்கினேன். மதுரையில ஏசி போட்டு ஒரு கடை திறந்தேன், கண்ணாடிக் கதவு, பொண்ணுக யூனிபார்ம்ல நின்னு வாங்க சார்ங்கும். வடிவு சொன்னா, மிஷின் சேவு மொறுமொறுப்பா வரலை, மாவு சூடேறிப் போகுதுன்னு. ஏசியில வச்சா நமுத்துப் போகுதுன்னா. நான் காதுல போட்டுக்கிடலை. நட்டம் வந்துச்சு. வந்தா என்ன? எனக்கா வந்துச்சு? கம்பெனிக்கு வந்துச்சு.

இந்த எடத்துலதான் பிச்சையா வாரான்.

பிச்சையா எண்ணெய் மில்லு வச்சிருக்கான், இருக்கன்குடி ரோட்டுல. எனக்கு ரெண்டு வயசு இளையவன். கடலை எண்ணெய் பூராவும் அவன்தான் தருவான். எழுத்து கிடையாது, கணக்கு கிடையாது, வாய்ச்சொல்தான். ‘அண்ணாச்சி டின்னு அனுப்பியிருக்கேன்’ம்பான், முடிஞ்சது. மகளுக்குக் கல்யாணம் வச்சிருந்தான். வந்து நின்னான். ‘அண்ணாச்சி, பாக்கியைக் கொஞ்சம் பார்த்துக் கொடுத்துருங்க, மண்டபத்துக்குக் கட்டணும்’னான்.

நான் உக்கார வச்சு, காபி கொடுத்து, பொறுமையா எடுத்துச் சொன்னேன். ‘பிச்சையா, நீ எண்ணெய் கொடுத்தது எனக்கா? இல்லை. கம்பெனிக்கு. கம்பெனி இப்ப கஷ்டத்துல இருக்கு. நான் வேற, கம்பெனி வேற.’

‘அப்படியா அண்ணாச்சி?’

‘சட்டம் அப்படி.’

‘சரி, அவரைக் கூப்பிடுங்க. நான் அவருகிட்டயே கேட்டுக்கிடுதேன்.’

‘எவரை?’

‘கம்பெனியை.’

‘கம்பெனிக்கு வாய் கிடையாதுய்யா.’

அவன் காபியைக் கீழ வச்சான். ‘வாய் இல்லாமலா இவ்வளவு எண்ணெய் குடிச்சுது?’ன்னான். சிரிச்ச மாதிரிதான் கேட்டான். நானும் சிரிச்சேன். சத்தம் போட்டுட்டுப் போயிருந்தா விட்டுது கழுதைன்னு இருந்திருக்கும். அவன் சத்தம் போடலை. மறுநாள் காலையில கடை திறக்கிற நேரத்துக்கு வந்தான். உள்ள வரலை. ரோட்டுல நின்னு, மேல போர்டை அண்ணாந்து பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

‘கம்பெனி ஐயா, சௌக்கியமா இருக்கீங்களா? ராத்திரி தூக்கம் வந்துச்சா? நட்டம் கிட்டம் இப்ப எப்படி இருக்கு?’

பதில் வருமான்னு கொஞ்ச நேரம் நின்னு பார்த்தான். ‘சரிங்கய்யா, உடம்பைப் பார்த்துக்கிடுங்க’ன்னுட்டுப் போயிட்டான்.

அதுக்கு மறுநாளும் வந்தான். தினம் வந்தான். பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்கிறவன்லாம் அந்த நேரத்துக்குக் கிளாஸைக் கையில எடுத்துக்கிட்டு வந்து நின்னுக்கிட்டான். சின்னப் பிள்ளைக பள்ளிக்கூடம் போகும்போது போர்டைப் பார்த்து வணக்கம் வச்சுட்டுப் போகுதுக. ‘ஏய்யா, இது மானக்கேடா இல்லையா?’ன்னு ஒருநாள் கேட்டேன். ‘உங்ககிட்ட நான் பேசவே இல்லையே அண்ணாச்சி. எனக்கும் கம்பெனிக்கும் உள்ள விவகாரம்’னான். போலீஸ்ல சொன்னேன். போர்டைக் கும்பிட்டா என்ன செக்சன்ல பிடிக்கன்னு இன்ஸ்பெக்டர் சிரிக்காரு.

கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தான் பாருங்க, அதுதான் உச்சம். தட்டுல வெத்திலை பாக்கு, பழம், பத்திரிகை. நான் எந்திரிச்சுக் கையை நீட்டினேன். ‘உங்களுக்கு இல்லை அண்ணாச்சி’ன்னுட்டு என்னைத் தாண்டி உள்ள போயி, மாவு பிசைஞ்சுக்கிட்டு இருந்த வடிவுகிட்ட நீட்டினான். ‘ஆத்தா, கம்பெனியில பெரிய பங்கு உங்களுக்குன்னு சொன்னாக. கம்பெனியைக் குடும்பத்தோட அழைச்சுக்கிட்டு வரணும்.’

அவ மாவுக் கையைக் கழுவிட்டு, ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டா. ‘எவ்வளவு பாக்கிண்ணே?’ன்னு கேட்டா. அவன் சொன்னான். அவ என்னைப் பார்த்தா. நான் சட்டத்தைச் சொன்னேன். அவ ஒண்ணும் பேசலை. எங்க கல்யாணம் ஆன நாள்லேருந்து அவ ஒண்ணும் பேசலைன்னா சரின்னு அர்த்தம். அப்படித்தான் நான் வச்சிருந்தேன்.

கல்யாணத்துக்கு நான் போகலை. எனக்குப் பத்திரிகை இல்லையே. வடிவு போனா. கார்லதான் போனா, டிரைவரைக் கூட்டிக்கிட்டு. சாயங்காலம் வீட்டு வாசல்ல டவுன் பஸ் வந்து நிக்குது. வடிவு இறங்குதா, பின்னாலயே டிரைவர் இறங்குதான்.

‘காரு எங்க? ரிப்பேரா?’

‘கொடுத்தாச்சு.’

‘யாருக்கு?’

‘பிச்சையா அண்ணனுக்கு. பாக்கியில கழிச்சுக்கிடச் சொல்லிட்டேன். மீதிக்கு மாசாமாசம் சேவு வித்துத் தர்றோம்னு சொல்லியிருக்கேன்.’

‘ஏ வடிவு, அது என் காருல்லா’ன்னேன்.

‘கம்பெனி பேர்லதானங்க வாங்கினீங்க?’ன்னா. ஏத்தமாக் கேட்டாக்கூட அடிச்சிருக்கலாம். நிசமாவே தெரிஞ்சுக்கிடக் கேக்குற மாதிரி கேட்டா. அப்புறம் உள்ள போயி சீலையை மாத்திக்கிட்டு, தோசைக்கல்லைப் போட்டா.

மண்டபத்துல என்ன நடந்துச்சுன்னு மறுநாள் டிரைவர்தான் சொன்னான். மொய் எழுதுற எடத்துல பேரு கேட்டிருக்கான். வெயிலுமுத்து ஃபுட்ஸ் பிரைவேட் லிமிடெட்னு இவ சொல்லியிருக்கா. என்ன மொய்யின்னு கேட்டிருக்கான். சாவியை வச்சிருக்கா. அவன் அதை மைக்குல வேற படிச்சிருக்கான். பிச்சையா துண்டால மூஞ்சியை மூடிக்கிட்டு அழுதானாம். அவன் எதுக்கு அழணும்? காரு போனவன் நானு.

சும்மா விடுவேனா? மதுரைக்கு போன் போட்டேன். ஒரு மாசம் கழிச்சு ஆடிட்டர் நேர்லயே வந்தாரு. அடுப்படிக்குப் பக்கத்துல மேசை போட்டு மீட்டிங். அவருக்கு வடையும் சட்னியும் வச்சா. நான் என்ன நினைச்சேன்? அவ செஞ்சது செல்லாதுன்னு சொல்லுவாரு, காரு திரும்பி வரும், அவ மன்னிப்புக் கேப்பா, நானும் ரெண்டு நாள் முறுக்கிட்டு விட்டுருவேன். அவரு வடையைத் தின்னு முடிச்சுட்டு ஒரு பேப்பரை எடுத்தாரு. அன்னைக்கு நாங்க கூடுனதே கம்பெனிப் பொதுக்குழுவாம். கார் கொடுத்ததை ஏத்துக்கிடறது ஒரு தீர்மானம். வெயிலுமுத்துவை டைரக்டர் பதவியிலேருந்து எடுக்கறது இன்னொண்ணு. அதுக்கு முன்கூட்டியே எனக்கு நோட்டீஸும் வந்திருக்காம். கம்பெனித் தபால்ல நான் எதைப் பிரிச்சேன்?

‘எதிர்க்கிறவங்க?’ன்னாரு.

நான் கையைத் தூக்கினேன். நல்லா உசத்தித் தூக்கினேன்.

‘ஆதரிக்கிறவங்க?’

அவ கையைக்கூடத் தூக்கலைய்யா. மாவுக் கை. தலையை மட்டும் ஆட்டுனா. என் பத்துக்கு அவ தொண்ணூறு. முடிஞ்சுது.

‘ஐயா, நீங்க என் ஆடிட்டர்தானே?’ன்னு கேட்டேன்.

‘நான் கம்பெனிக்கு ஆடிட்டர்’னாரு. ரெண்டு வடை பார்சலும் வாங்கிட்டுப் போனாரு.

அப்புறம் மிஷினை வித்தா. மதுரைக் கடையை மூடினா. கையால தேய்க்கிற பழைய ஆளுகளைத் திரும்பக் கூட்டியாந்தா. பிச்சையாவுக்குக் கொஞ்சம் பங்கு கொடுத்து டைரக்டர் ஆக்கிட்டா. அவன் இப்ப போர்டைக் கும்பிடறதில்லை, நேரா உள்ள போறான். யாவாரம் நல்லாப் போகுதுன்னு சொல்றாங்க. நான் போட்ட அஸ்திவாரம். படம் இல்லாம போகுமா?

ஒருநாள் நான் ஆபீஸுக்குப் போனேன். புதுசா ஒரு வாட்ச்மேன். ‘யாரைப் பார்க்கணும், நோட்டுல பேரு எழுதுங்க’ங்கிறான். அவன் தலைக்கு மேல ஆள் உசரத்துக்கு என் மூஞ்சி. நான் கையை மேல காட்டினேன். அவன் அண்ணாந்து பார்த்தான், என்னைப் பார்த்தான். ‘அவரு இங்க வேலை பார்க்கலீங்களே’ன்னான்.

சரி, எனக்குத் தொழில் தெரியாதா? எதிர்த்தாப்புல ஒரு கடையைப் பிடிச்சு ‘வெயிலுமுத்து சேவுக்கடை’ன்னு போர்டு வச்சேன். ஒரு வாரம் ஆகலை, வக்கீல் நோட்டீஸு. அந்தப் பேரு கம்பெனிக்குச் சொந்தம், எடுக்கணுமாம். எங்க அப்பா வச்ச பேரு அண்ணாச்சி. நோட்டீஸு எங்க வீட்டு விலாசத்துக்குத்தான் வந்துச்சு. போஸ்ட்மேன்கிட்ட வாங்கினது வடிவு. காபி டம்ளரைக் கொண்டாந்து வச்சா, பக்கத்துல நோட்டீஸை வச்சா. ‘சீனி பத்துமா பாருங்க’ன்னா.

அதான் சொல்றேன், அவளை நான் ஒண்ணும் சொல்ல முடியலை. வீட்டுல ஒரு குறை வைக்கிறதில்லை. கேட்டா மீன் குழம்பு, கேக்காட்டாலும் மீன் குழம்பு. முதுகு வலின்னா தைலம் தேய்ச்சு விடுதா. கம்பெனியைப் பத்தி வாயைத் திறந்தா மட்டும், ‘சோத்துக்கு முன்னால அந்தப் பேச்சு வேண்டாம்ங்க, நாளைக்கு ஆபீஸுக்கு வந்து கேளுங்க’ங்கா. ஆபீஸுக்குப் போனா வாட்ச்மேன். ஒரு மனுசிக்குள்ள ரெண்டு ஆளு இருந்தா நான் யாருகிட்ட சண்டை போடறது? சட்டம் போட்டவன் இதையெல்லாம் யோசிச்சானா? பிச்சையாவை ஏமாத்தினேன்னு ஊருல பேசுதான். நான் எங்க ஏமாத்தினேன்? சட்டப்படி நடந்தேன். என்னை இவங்க செஞ்சதுதான் அநியாயம்.

இன்னைக்கு மதுரைக்கு எதுக்குப் போனேன்னு நினைக்கீங்க? வேற ஒரு ஆடிட்டரைப் பார்த்துட்டு வர்றேன். சின்ன வயசு, கெட்டிக்காரன். அவன் சொல்றான், இப்ப புதுச் சட்டம் வந்து கொஞ்ச வருசம் ஆச்சாம். ஒத்தை ஆளே கம்பெனி ஆகலாம். பெண்டாட்டி வேண்டாம், மச்சான் வேண்டாம், பங்காளி வேண்டாம். நூத்துக்கு நூறும் நானே. முதல்ல ராஜா சாசனம் வேணும்னான், அப்புறம் ஏழு பேரு வேணும்னான், அப்புறம் ரெண்டு பேருன்னான், இப்ப ஒருத்தன் போதுங்கிறான். மனுசன் எப்படி முன்னேறியிருக்கான் பார்த்தீங்களா?

ஒரே ஒரு சங்கதிதான். நான் செத்துப் போனா கம்பெனியை யாரு எடுத்துக்கிடறதுன்னு ஒரு ஆளு பேரைக் காட்டணுமாம். அந்த ஆளு சம்மதம்னு ஒரு கையெழுத்துப் போடணும். தூத்துக்குடியில இருக்கிற மகளுக்குப் போன் போட்டேன். அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்னா. பழைய டிரைவர்கிட்ட கேட்டேன், அவனுக்குக் கண்ணு தெரியலையாம், கையெழுத்துப் போட முடியாதாம். நேத்துத்தான் புல்லட் ஓட்டிக்கிட்டுப் போனான். எங்க சித்தப்பா மகன்கிட்ட கேட்டேன், அவன் பிச்சையாகிட்டயே யோசனை கேட்கப் போயிட்டான்.

ஊருக்காரன் சகவாசமே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். தெரியாத ஆளுதான் நல்லது. உங்களைப் பார்த்தா எனக்கு என்னமோ ஒரு நம்பிக்கை வருது. உங்க பேரு என்ன சொன்னீங்க? சொல்லலையா, சரி, பிறகு சொல்லுங்க. ஆதார் வச்சிருப்பீங்கள்ல? பேப்பர் இந்தா பையில இருக்கு, பேனாவும் இருக்கு. உங்களுக்கு ஒரு பொறுப்பும் கிடையாது அண்ணாச்சி, சட்டமே சொல்லுது. ஒரு கையெழுத்து. இந்தக் கோடு போட்ட எடத்துல.

என்ன, பையை எடுக்கீங்க? உக்காருங்க அண்ணாச்சி. இது டோல்கேட். இங்க யாரும் இறங்க மாட்டாங்க.